கவிஞன் எப்படி வாயாடி ஆனான்? – குரலுக்கு ஆங்கிலம் வைத்த பெயர்கள்

போன மாதம் மகளின் பள்ளியிலிருந்து ஒரு பயிற்சித்தாள் வந்தது. ஆங்கிலக் கட்டுரையில் ‘செட்’ என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் போடக்கூடாதாம். அதற்குப் பதிலாகப் போட வேண்டிய வினைச்சொற்கள் என்று ஒரு நீளப் பட்டியல்: விஸ்பர், மர்மர், மம்பிள், மட்டர், ஷவுட், ஷ்ரீக், டிக்ளேர், ப்ரொனவுன்ஸ், ஸ்கோல்ட், நாக், காசிப். ஒவ்வொன்றுக்கும் ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம் வேறு. சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

“அப்பா, டிக்ளேர் பண்றது எல்லாம் ராஜாவும் மந்திரியுமா இருக்காங்க. ஸ்கோல்ட், நாக், காசிப் இதெல்லாம் அம்மா, பாட்டி, பக்கத்து வீட்டு ஆன்ட்டி மட்டும்தான் பண்றாங்க. ஏம்ப்பா?”

“யாரோ அப்படி எழுதிட்டாங்கம்மா” என்று சொல்லித் தப்பித்துவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. நான் மொழியியல் படித்தவன் இல்லை, பி.இ. படித்துவிட்டு கோடு எழுதுகிறவன். எனக்குத் தெரிந்த ஒரே ஆராய்ச்சி முறை எக்செல். ஒரு ஷீட் திறந்து, ஒவ்வொரு சொல்லும் எந்த மொழியிலிருந்து வந்தது, எப்போது வந்தது, முதலில் என்ன பொருள், பிறகு என்ன பொருள் என்று அகராதிகளைப் பார்த்து நிரப்ப ஆரம்பித்தேன். நாலைந்து ராத்திரி போனது. முடிவில் தெரிந்தது இதுதான்: பயிற்சித்தாள் எழுதியவர் மேல் பெரிய தப்பில்லை. அந்த ஆண் பெண் பாகுபாடு வாக்கியத்துக்கு வெளியிலிருந்து வந்ததில்லை. சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அது எப்படி உள்ளே போனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

மூன்று அடுக்கு

முதலில் பட்டியலின் பொதுவான அமைப்பைச் சொல்லிவிடுகிறேன்.

அடித்தளம் பழைய ஆங்கிலம். ஸ்பீக், சே, டெல் மூன்றும் அங்கிருந்து வந்தவை. ‘ஸ்பீக்’ முதலில் ‘ஸ்ப்ரெக்கன்’. நடுவில் இருந்த ‘ர’ சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் உதிர்ந்துவிட்டது. ஜெர்மனில் இன்றும் ‘ஷ்ப்ரெஹென்’ என்று ‘ர’ பத்திரமாக இருக்கிறது. ‘டெல்’ என்றால் முதலில் ‘எண்ணு’ என்று பொருள். வங்கியில் பணம் எண்ணிக் கொடுப்பவருக்கு ‘டெல்லர்’ என்று பேர் வந்தது அதனால்தான். நடந்ததை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்வது கதை. நமக்கு ‘எண்ணு’ என்ற சொல் சிந்தனையோடு சேர்ந்துகொண்டது, அவர்களுக்குப் பேச்சோடு.

ரெண்டாவது அடுக்கு 1066-க்குப் பிறகு நார்மன்காரர்களோடு வந்த பிரெஞ்சு, அதோடு லத்தீன். டிக்ளேர், ப்ரொனவுன்ஸ், அனவுன்ஸ், டிபேட், டிஸ்கோர்ஸ் எல்லாம் இந்த வழி. கோர்ட், அரண்மனை, தேவாலயம் மூன்றிலும் ஆட்சி செய்த மொழி என்பதால் இந்தச் சொற்களுக்கு இன்றும் ஒரு மிடுக்கு உண்டு. ‘பார்லிமென்ட்’ என்ற சொல்லே ‘பேசுதல்’ என்ற பிரெஞ்சு வினையிலிருந்து வந்ததுதான்.

மூன்றாவது அடுக்கு ஒலியைப் பார்த்துச் செய்த சொற்கள். விஸ்பர், மட்டர், சாட்டர், ஸ்டட்டர், மம்பிள், பாபிள், ப்ராட்டில், கிரம்பிள். கடைசியில் ‘அர்’ அல்லது ‘ல்’ வருவதைக் கவனியுங்கள். பல சொற்களில் அது ‘விடாமல் திரும்பத் திரும்பச் செய்தல்’ என்பதைக் காட்டும் விகுதி. எங்கள் பாஷையில் சொன்னால் ஒரு லூப். தமிழ் இதே வேலையைச் சொல்லையே ரெண்டு தடவை சொல்லிச் செய்கிறது: முணுமுணு, கிசுகிசு, தொணதொண. நாம் ‘சாட்’ பண்ணுகிறோமே, அது ‘சாட்டர்’ என்ற பறவைச் சத்தத்தின் வாலை வெட்டியதில் கிடைத்தது.

இதுவரைக்கும் ஷீட்டில் சண்டை சச்சரவு இல்லை. சிக்கல் ‘ஸ்கோல்ட்’ வரிசைக்கு வந்தபோது ஆரம்பித்தது. அதற்கு முன்னால் ஒரு எதிர்ப்பக்கத்தைப் பார்த்துவிடுவோம்.

சத்தம் போடுவது சட்டக் கடமை

1285-இல் முதலாம் எட்வர்ட் மன்னன் வின்செஸ்டர் சட்டம் என்று ஒன்று போட்டான். அதில் ‘ஹ்யூ அண்ட் க்ரை’ என்ற பழைய வழக்கம் உறுதியாக்கப்பட்டது. ‘ஹ்யூ’ம் ‘க்ரை’யும் பிரெஞ்சுவழிச் சொற்கள், ரெண்டுக்கும் கூச்சல் என்றுதான் பொருள். போலீஸ் இல்லாத காலம். கொள்ளையைப் பார்த்தவர் கூச்சல் போட வேண்டும், கேட்டவர்கள் கையில் இருப்பதைத் தூக்கிக்கொண்டு துரத்த வேண்டும். கொள்ளைக்காரன் தப்பிவிட்டால் அந்த வட்டாரமே நஷ்டஈடு கட்ட வேண்டும். ஆண் பெண் யாரும் கூச்சலைத் தொடங்கலாம். காரணமில்லாமல் தொடங்கினால் அபராதம்.

1362-இல் இன்னொரு சட்டம் வந்தது: கோர்ட்டில் இனி வாதம் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும், ஏனென்றால் பிரெஞ்சு ஜனங்களுக்குப் புரிவதில்லை. வேடிக்கை என்னவென்றால் அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது.

பதினைந்து வருஷம் கழித்து 1377-இல் சர் தாமஸ் ஹங்கர்ஃபோர்ட் என்பவர் காமன்ஸ் சபையின் ‘ஸ்பீக்கர்’ என்ற பட்டத்தைப் பெற்றார். அந்தப் பட்டத்தோடு பதிவாகியிருக்கும் முதல் ஆள் அவர். நாம் சபாநாயகர் என்கிறோம், ஆனால் அன்றைக்கு அந்தப் பதவியின் வேலை சபையை அடக்குவது மட்டும் இல்லை. சபைக்காக ராஜாவின் முன்னால் போய்ப் பேசுவது. ராஜாவுக்குப் பிடிக்காததைச் சொல்ல வேண்டி வரும், அதற்கு ஒரு வாய் வேண்டும். அந்த வாய்க்குத்தான் ‘ஸ்பீக்கர்’ என்று பேர்.

ஆக, உரக்கப் பேசுவது பதினாலாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கெட்ட காரியம் இல்லை. ஒரு இடத்தில் கடமை, ஒரு இடத்தில் பதவி. அதே நூற்றாண்டில்தான் இன்னொரு இடத்தில் அது குற்றமாகவும் ஆகிறது.

ஸ்கால்ட், ஸ்கோல்ட்

‘ஸ்கோல்ட்’ என்றால் இன்றைக்குத் திட்டுவது. இந்தச் சொல் பிரெஞ்சும் இல்லை, ஆங்கிலேயர்களின் சொந்தச் சரக்கும் இல்லை. தொடக்கத்தில் இருக்கும் ‘ஸ்க்’ ஒலியே காட்டிக்கொடுக்கும். பழைய ஆங்கிலத்தில் அந்த ஒலி ‘ஷ்’ ஆக மாறிவிட்டது. வைக்கிங்குகள் கொண்டுவந்த நார்ஸ் மொழியில் ‘ஸ்க்’ அப்படியே நின்றது. ‘ஷர்ட்’டும் ‘ஸ்கர்ட்’டும் ஒரே வேர்தான். முதலாவது உள்ளூர், ரெண்டாவது கப்பலில் வந்தது.

நார்ஸ் மொழியில் ‘ஸ்கால்ட்’ என்றால் கவிஞன். அரசவையில் நின்று பாடுகிறவன். அகராதிகள் பெரும்பாலும் ஆங்கில ‘ஸ்கோல்ட்’டை இந்தச் சொல்லோடுதான் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. கவிஞனுக்கும் திட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், நம்மூரில் ‘அறம் பாடுதல்’ என்று ஒன்று சொல்வார்களே, அதுதான் பதில். ஸ்கால்ட் புகழவும் செய்வான், பாடியே மானத்தை வாங்கவும் செய்வான். ஐஸ்லாந்தின் பழைய சட்டத்தொகுப்பான ‘கிராகாஸ்’ ஒருவர் மேல் வசைப்பாட்டு கட்டுவதைக் கடுமையான குற்றமாக வைத்திருந்தது. அதற்கு நாடு கடத்தல்வரை தண்டனை உண்டு. பாட்டுக்கு அவ்வளவு பலம் இருந்தது என்று அர்த்தம்.

ஸ்கால்ட்களில் பெரிய பேர் எகில் ஸ்கல்லாகிரிம்சன். அவன் கதையைச் சொல்லும் சாகாவின்படி, எரிக் மன்னன் மேல் கோபம் வந்து, ஒரு கம்பத்தில் குதிரைத் தலையைச் செருகி நட்டு, மன்னனையும் ராணியையும் சபித்தான். பிறகு இங்கிலாந்தின் யார்க் நகரில் அதே மன்னனிடம் மாட்டிக்கொண்டான். ஒரே ராத்திரியில் மன்னனைப் புகழ்ந்து ஒரு பாட்டு கட்டி, காலையில் பாடித் தலையைக் காப்பாற்றிக்கொண்டான். வாயால் கெட்டவன் வாயாலேயே பிழைத்தான்.

இந்தச் சொல் சுமார் 1200 வாக்கில் ஆங்கிலத்தில் தலைகாட்டும்போது கவிஞன் காணாமல் போய்விட்டான். ‘கெட்ட வாய் உள்ள ஆள்’ என்ற பொருள் மட்டும் மிச்சம். அந்த ஆள் சீக்கிரமே பெண்ணாகிவிட்டாள். பதினாலாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அதாவது கொள்ளைநோய் வந்து ஜனத்தொகையில் பெரும் பங்கைக் கொண்டுபோன பிறகு, உள்ளூர்க் கோர்ட்டுகளில் ‘ஸ்கோல்டிங்’ ஒரு தனிக் குற்றமாகப் பெருகுகிறது. வரலாற்றாசிரியர் சாண்டி பார்ட்ஸ்லி இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். குற்றம் சாட்டப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். வேலைக்கு ஆள் கிடைக்காத காலம், கீழே இருந்தவர்கள் வாய் திறந்து கூலி கேட்க ஆரம்பித்த காலம் அது. மேலே இருந்தவர்களுக்குப் பேச்சின் மேலேயே ஒரு பயம் வந்துவிட்டது என்பது அவர் வாதம்.

1769-இல் வெளிவந்த பிளாக்ஸ்டோனின் சட்ட விளக்கத்தின் நான்காம் தொகுதி இந்தக் குற்றத்துக்கு லத்தீனில் ‘கொம்மூனிஸ் ரிக்ஸாட்ரிக்ஸ்’ என்று பேர் சொல்கிறது. ‘ரிக்ஸாட்ரிக்ஸ்’ பெண்பால் விகுதி. சட்ட லத்தீன் இதைப் பெண்ணுக்கு மட்டுமே வைத்திருக்கிறது என்று அவரே குறிப்பிடுகிறார். கோடில் டேட்டா டைப் வைப்பது மாதிரி, சொல்லின் வடிவத்திலேயே குற்றவாளி யார் என்று அறிவித்தாகிவிட்டது.

தண்ணீரும் இரும்பும்

தண்டனை ஒரு நாற்காலி. ‘கக்கிங் ஸ்டூல்’. 1086-இல் எழுதப்பட்ட டூம்ஸ்டே கணக்கில் செஸ்டர் நகரத்தைப் பற்றிய பகுதியில் இதன் மூதாதை வருகிறது. அங்கே மோசமான பீர் காய்ச்சியவரை மலநாற்காலியில் உட்காரவைப்பார்கள், இல்லையென்றால் நாலு ஷில்லிங் அபராதம். அதாவது முதலில் அது கலப்படத்துக்கான தண்டனை. காலப்போக்கில் நாற்காலியை நீண்ட மரத்தின் நுனியில் கட்டிக் குளத்தில் முக்கி எடுத்தார்கள். குற்றமும் பீரிலிருந்து வாய்க்கு மாறியது.

இன்னொன்று ‘ஸ்கோல்ட்ஸ் பிரைடில்’. ஸ்காட்லாந்தில் ‘பிராங்க்ஸ்’ என்பார்கள். பிரைடில் என்றால் குதிரைக் கடிவாளம். தலையைச் சுற்றி இரும்புச் சட்டம், வாய்க்குள் நாக்கை அழுத்தும் ஒரு தகடு. 1567-இல் எடின்பரோவில் முதல் பதிவு கிடைக்கிறது. இங்கிலாந்தில் இதற்கு நாடாளுமன்றச் சட்டம் எதுவும் கிடையாது, ஊர் அதிகாரிகள் தாங்களே செய்துகொண்ட ஏற்பாடு. 1655-இல் ரால்ஃப் கார்டினர் என்பவர் நியூகாசில் நகர நிர்வாகத்தை எதிர்த்து எழுதிய புத்தகத்தில் ஒரு படம் இருக்கிறது. ஆன் பிடில்ஸ்டன் என்ற பெண் இந்தக் கடிவாளத்தோடு நிற்கிறாள், ஒரு அதிகாரி கயிற்றைப் பிடித்துத் தெருவில் நடத்திக்கொண்டு போகிறான்.

கடிவாளம் மாட்டப்பட்டவரே எழுதிய வாக்குமூலமும் நமக்குக் கிடைத்திருக்கிறது. டோரத்தி வா, வீட்டுவேலை செய்த பெண், குவேக்கர் இயக்கத்தில் சேர்ந்தவர். அந்த இயக்கத்தில் பெண்களும் பிரசங்கம் செய்யலாம். அவர் கார்லைல் நகரச் சந்தையில் நின்று, நடக்கும் ஏமாற்றுகளைக் கண்டித்துப் பேசினார். மேயரின் ஆள் இழுத்துக்கொண்டு போனான். எந்த ஊர் என்று மேயர் கேட்டதற்கும் பணிந்து பதில் சொல்லவில்லை. கடிவாளத்தை மாட்டிவிட்டார்கள். அதன் எடை ஒரு ஸ்டோன் என்று சொன்னார்கள் என எழுதுகிறார். அது ஆறு கிலோவுக்கு மேல். முகத்தின் மேல் மூன்று இரும்புப் பட்டைகள், வாய்க்குள் ஒரு துண்டு. மூன்று மணி நேரம். பார்க்க வந்தவர்களில் சிலர் அழுதார்கள் என்றும் எழுதியிருக்கிறார். பிறகு சவுக்கடியோடு ஊரைவிட்டு வெளியே அனுப்பினார்கள். இந்த வாக்குமூலம் 1656-இல் அச்சானது.

அவர் வாயை மூடினாரா? 1657-இல் ஒரு சின்னக் கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்து நியூ ஆம்ஸ்டர்டாமில், அதாவது இன்றைய நியூயார்க்கில் இறங்கி, தெருவில் நின்று பிரசங்கம் செய்து, டச்சுக்காரர்களிடமும் கைதானார்.

இங்கே கொஞ்சம் நின்று யோசித்தேன். சந்தையில் ஏமாற்று நடக்கிறது, அதை ஒருவர் உரக்கச் சொல்கிறார். 1285-இன் கணக்குப்படி இது கிட்டத்தட்ட ‘ஹ்யூ அண்ட் க்ரை’. சபையில் சொன்னால் ‘ஸ்பீக்கர்’. மேடை கொடுத்தால் ‘ப்ரீச்சர்’. டோரத்தி வாவுக்குப் போட்டது ‘ஸ்கோல்ட்’களின் கடிவாளம். ஒலியின் அளவு ஒன்றுதான். பேர் மட்டும் ஆளைப் பார்த்து மாறுகிறது.

கடவுளின் உறவினர்

‘காசிப்’ இன்னும் சோகமான கதை. பழைய ஆங்கிலத்தில் ‘காட்சிப்’. ‘காட்’ என்றால் கடவுள், ‘சிப்’ என்றால் உறவு. இன்று ‘சிப்ளிங்’ என்கிறோமே, அதே ‘சிப்’. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது பொறுப்பேற்று நிற்கும் ஞானத்தாய், ஞானத்தகப்பனுக்கு அந்தப் பெயர். நல்ல மரியாதையான உறவுச்சொல்.

பிறகு நெருங்கிய சிநேகிதர் என்று விரிந்தது. பிரசவம் வீட்டில் நடந்த காலம். ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களும் சிநேகிதிகளும் கூடிவிடுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் ‘காசிப்’கள். வலி, பிறப்பு, சில நேரம் சாவு எல்லாம் நடக்கும் அறை. அங்கே பேச்சும் நடக்கும், மணிக்கணக்காக நடக்கும். வெளியே காத்திருந்தவர்களுக்குப் பேச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கிறது போல.

சாமுவேல் ஜான்சனின் 1755 அகராதியில் இந்தச் சொல்லுக்கு மூன்று பொருள் அடுத்தடுத்து நிற்கிறது. ஞானஸ்நானத்தில் பொறுப்பேற்பவர் முதலில். கூடச் சேர்ந்து குடிக்கும் தோழர் அடுத்தது. பிரசவ வீட்டுப் பெண்கள் மாதிரி வம்பளந்து திரிகிறவர் மூன்றாவது. தோண்டிய குழியில் மண் அடுக்குகளைப் பார்ப்பது மாதிரி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆளையும் விட்டுவிட்டு வம்புப் பேச்சுக்கே அது பேராகிவிட்டது. குழந்தைக்காகக் கடவுள் முன்னால் வாக்குக் கொடுத்தவரின் பட்டம், இன்று சினிமாப் பத்திரிகையின் கிசுகிசுப் பக்கம்.

குளத்தில் தண்ணீர் இல்லை

இங்கிலாந்தின் லெமின்ஸ்டர் ஊரில் 1809-இல் ஜென்னி பைப்ஸ் என்ற பெண்ணை நாற்காலியில் வைத்து முக்கினார்கள். 1817-இல் சாரா லீக் என்பவருக்கும் அதே தண்டனை. ஆனால் தண்ணீர் மட்டம் குறைவாக இருந்ததால் நாற்காலியில் வைத்து ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டு விட்டுவிட்டார்கள். அந்த நாற்காலி இன்றும் அந்த ஊர்ப் பழைய தேவாலயத்தில் இருக்கிறது.

1829-இல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஆன் ராயல் என்ற அறுபது வயது எழுத்தாளர் மேல் ‘காமன் ஸ்கோல்ட்’ வழக்கு. பக்கத்தில் கூடிய ஒரு மதக்குழுவைக் கிண்டலும் ஏச்சும் செய்தார் என்று புகார். ராணுவ அமைச்சர் ஜான் ஈட்டன் அவருக்குச் சாதகமாகச் சாட்சி சொன்னார், இருந்தும் குற்றம் உறுதியானது. முக்கும் நாற்காலி காலாவதியான தண்டனை என்று கோர்ட் அதை விட்டுவிட்டு, பத்து டாலர் அபராதம் போட்டது. அதைக் கட்டியவர்கள் பத்திரிகைக்காரர்கள். அவரோ ரெண்டு வருஷத்தில் சொந்தமாகப் பத்திரிகை ஆரம்பித்து, 1854-இல் சாகும்வரை அரசாங்க ஊழல்களை எழுதிக்கொண்டிருந்தார்.

இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து இந்தக் குற்றம் எப்போது போனது என்று தேடியபோது, ஷீட்டில் தப்பாக அடித்துவிட்டேனோ என்று ரெண்டு தடவை பார்த்தேன். 1967. அந்த வருஷத்துக் குற்றவியல் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, ஒட்டுக்கேட்பது, ராத்திரியில் சுற்றுவது, சண்டைக்கு அழைப்பது போன்ற பழைய குற்றங்களோடு சேர்த்து இதையும் ரத்து செய்தது. பீட்டில்ஸ் பாடிக்கொண்டிருந்த காலத்தில், ஏட்டளவிலாவது, ‘வாயாடி’ ஒரு குற்றவாளி. காமன்ஸ் சபைக்கு முதல் பெண் ஸ்பீக்கராக பெட்டி பூத்ராய்ட் வந்தது 1992-இல். ஹங்கர்ஃபோர்டிலிருந்து கணக்குப் போட்டால் 615 வருஷம்.

என் பங்கு

இதையெல்லாம் இங்கிலாந்துக் கதை என்று மூடிவைத்திருப்பேன். ஒரு விஷயம் உறுத்தியது. பல வருஷம் முன்னால் நான் டீம் லீடாக இருந்தபோது, ஒரு ரிலீஸ் மீட்டிங்கில் என் டீமில் இருந்த பெண், இது இன்னும் தயாராகவில்லை, இப்படியே போட்டால் உடையும் என்று சத்தமாகவே சொன்னார். அந்த வருஷம் அவருடைய மதிப்பீட்டுப் படிவத்தில், பேச்சில் கொஞ்சம் நிதானம் தேவை என்று நான் எழுதினேன். அதே டீமில் அதைவிடச் சத்தமாகப் பேசும் ஒரு பையனுக்கு, கருத்தை உறுதியாக எடுத்து வைக்கிறார் என்று எழுதினேன். ரெண்டும் ஒரே நாள், ஒரே கை. ரிலீஸ் அவர் சொன்ன இடத்தில்தான் உடைந்தது. அதற்குப் பிறகும் நான் அந்த வரியைத் திருத்தவில்லை. படிவம் பூட்டியாகிவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடிவாளம் இரும்பில்தான் இருக்க வேண்டும் என்று இல்லை.

தமிழில் ‘வாயாடி’ என்ற சொல்லுக்குப் பெண்பால் விகுதி கிடையாது. இலக்கணப்படி யாரையும் சொல்லலாம். யாரைச் சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

மகளிடம் அந்தக் கவிஞன் கதையையும் கார்லைல் சந்தைக் கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு, பயிற்சித்தாளை எடுத்து வாக்கியங்களில் ஆட்களை மட்டும் இடம் மாற்றி எழுதினாள். மந்திரி நாக் பண்ணினார். ராஜாக்கள் ரெண்டு பேர் காசிப் பேசினார்கள். பாட்டி டிக்ளேர் செய்தாள். தாள் திரும்பி வந்தபோது எல்லாவற்றுக்கும் டிக் போட்டிருந்தது. இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லையே!